கூண்டுக்குள் இறங்கினேன், வெள்ளைச் சுறா வரவில்லை

மலேசியாவில் நம்ம சுங்கை சிப்புட் பக்கத்து ஆட்கள் யாராவது கடலில் இறக்கும் கூண்டுக்குள் இருந்து வெள்ளைச் சுறாவைப் பார்த்திருக்கிறீர்களா என்று தம்பி ஒருவர் கேட்டிருந்தார். நான் கூண்டுக்குள் போனேன், ஆனால் பார்க்கவில்லை. இதை அனுபவத்தில் சேர்ப்பீர்களோ என்னவோ, எழுதிவிடுகிறேன்.

போனது தென்னாப்பிரிக்காவில் கான்ஸ்பாய். கேப் டவுனிலிருந்து வேனில் இரண்டு மணி நேரத்துக்கு மேல், அப்புறம் கிளெய்ன்பாய் என்ற சின்னத் துறையிலிருந்து படகு. டயர் தீவுக்கும் கெய்சர் பாறைக்கும் நடுவில் ஒரு கால்வாய் இருக்கிறது, பாறை முழுக்கக் கடல்நாய்கள், பல்லாயிரக்கணக்கில். அவற்றைத் தின்னத்தான் பெரிய சுறாக்கள் அங்கே வந்துகொண்டிருந்தன, அதனால் அந்தக் கால்வாய்க்கே 'சுறாச் சந்து' என்று பெயர்.

பயம் எல்லாம் படகில் ஏறும்வரைதான். ஏறிய பிறகு வாந்தி ஒன்றுதான் கவலை. நங்கூரம் போட்டு நிற்கிற படகு ஓடுகிற படகைவிட மோசமாக ஆடும், அதோடு மீன் எண்ணெயையும் அரைத்த மீனையும் கலந்து கடலில் ஊற்றிக்கொண்டே இருக்கிறார்கள். ரப்பர் தோட்டத்து ஸ்டோரில் ஒட்டுப்பால் (உறைந்த ரப்பர் பால்) நாற்றத்தை மூக்கு நிறைய இழுத்து வளர்ந்தவன் நான், எனக்கே குடலைப் புரட்டியது. அம்மா பையில் திணித்து அனுப்பிய கோடாலித் தைலம்தான் காப்பாற்றியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜெர்மன்காரர் வாங்கித் தடவிக்கொண்டு திருப்பித் தரவே இல்லை.

கூண்டு படகின் விலாவோடு கட்டியிருக்கும், மேல் பாகம் தண்ணீருக்கு வெளியே. சிலிண்டர் கிடையாது, முக்குளிக்கத் தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. முகமூடி, இடுப்பில் ஈயக்கட்டி, கால் மாட்டிக்கொள்ள ஒரு கம்பி, அவ்வளவுதான். தலையை வெளியே வைத்துக் காத்திருக்க வேண்டும், மேலிருந்து "கீழே, இடது பக்கம்!" என்று கத்தினால் மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்க வேண்டும். கையை உள்பக்கக் கம்பியில் மட்டும்தான் வைக்கலாம். தண்ணீர் 14 டிகிரி என்றார்கள். எங்கள் ஊர்க் குளிர்ப்பிரதேசமான கேமரன் மலையில் விடியற்காலை ஐந்து மணிக்குத் தலையில் தண்ணீர் ஊற்றியவர்களுக்குக்கூட இது வேறு ரகம், முகத்தில் அறைகிற மாதிரி.

வந்தது செம்புச் சுறா, ஆங்கிலத்தில் ப்ரோன்ஸ் வேலர் (bronze whaler) என்பார்கள். இரண்டு மீட்டருக்கு மேல் இருக்கும். சூரை மீன் தலையைக் கயிற்றில் கட்டி இழுக்க, அது திரும்பிய வேகத்தில் வால் கூண்டில் பட்டு இரும்பு அதிர்ந்தது பாருங்கள், அந்த அதிர்வு என் பல்லில் ஏறியது. அழகான மீன்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் இங்கே நான் பணம் கட்டிய ஏஜென்டின் விளம்பரத்தில் வாயைப் பிளந்துகொண்டிருந்தது வெள்ளைச் சுறா.

காரணத்தைப் படகிலேயே சொன்னார்கள். 2017-ல் கான்ஸ்பாய் கரையில் வெள்ளைச் சுறாக்கள் செத்து ஒதுங்கின, வயிறு கிழிந்து, ஈரலை மட்டும் காணோம். செய்தது ஓர்க்கா திமிங்கலங்கள், முக்கியமாக ஒரு ஜோடி. ஒன்றுக்கு முதுகுத் துடுப்பு இடப்பக்கம் சாய்ந்திருக்கும், இன்னொன்றுக்கு வலப்பக்கம், அதனால் கப்பல்காரர்கள் இடம் வலம் சொல்கிற மாதிரி போர்ட், ஸ்டார்போர்ட் என்று பெயர். சுறாவின் ஈரல் முழுக்கக் கொழுப்பு, அதற்காகத்தான் கொலை. ஓர்க்கா வந்துபோனால் உயிரோடு இருக்கிற சுறாக்களும் வாரக்கணக்கில் அந்தப் பக்கம் தலைகாட்டுவதில்லை. 1991-லேயே வெள்ளைச் சுறாவைப் பிடிக்கக்கூடாது என்று சட்டம் போட்ட நாடு அது. மனிதனிடமிருந்து காப்பாற்றலாம், ஓர்க்காவிடம் சட்டம் பேச முடியுமா?

- - -

அண்ணே, நீங்கள் ஆஸ்திரேலியா போயிருக்க வேண்டும். நானும் என் வீட்டுக்காரரும் போர்ட் லிங்கனிலிருந்து நெப்டியூன் தீவுகளுக்குப் போனோம், படகில் மூன்று மணி நேரம், நான் இரண்டு தடவை வாந்தி. ஆனால் பார்த்தோம். நாலு மீட்டர் இருக்கும், சத்தமே இல்லாமல் கீழேயிருந்து எழும்பி வந்தது. வாயை நான் பார்க்கவே இல்லை, கண்ணைத்தான் பார்த்தேன். கறுப்பு என்று நினைத்திருந்தேன், பக்கத்தில் வந்தபோது கருநீலம். கடிக்கும்போது அந்தக் கண்ணைப் பின்னால் உருட்டி மறைத்துக்கொள்ளுமாம், இரை பிறாண்டிவிடாமல் இருக்க.

இந்தக் கூண்டு வேலையைத் தொடங்கிவைத்ததே அங்கே ஒருவர்தான், ராட்னி ஃபாக்ஸ். 1963-ல் ஈட்டியால் மீன் குத்தும் போட்டியில் வெள்ளைச் சுறா அவரைக் கடித்து, நூற்றுக்கணக்கில் தையல் போட்டுப் பிழைத்தார். பிழைத்தவர் சும்மா இருக்காமல் மறுபடி அதையே பார்க்கப் போனார். எனக்கெல்லாம் சுண்டெலி கடித்தாலே அந்த ரூமுக்குப் போக மாட்டேன்.

- - -

அக்கா, வயிற்றெரிச்சலைக் கிளப்பாதீர்கள். மெக்சிகோவின் குவாடலூப் தீவு பற்றிக் கேட்ட தம்பிக்கு: அங்கேயும் கூண்டில் இறங்கி வெள்ளைச் சுறா பார்த்தார்கள், 2023 தொடக்கத்தில் அதை மூடிவிட்டார்கள், பழைய வீடியோக்களைப் பார்த்துத் திட்டம் போடாதீர்கள். எங்கே போனாலும் பணம் கட்டும் முன், கடந்த இரண்டு வாரத்தில் எந்தச் சுறா வந்தது என்று நேராகப் படகுக்காரரிடமே கேளுங்கள். நான் கேட்கவில்லை.

திரும்பி வந்து அப்பாவிடம் படம் காட்டினேன். முப்பது வருஷம் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர், அவர் பார்த்தது சுறாவை அல்ல, நான் போட்டிருந்த கறுப்பு உடையை.

"இது நம்ம பாலா?"

"இல்லைப்பா, நியோப்ரீன். ஃபேக்டரியில் செய்கிற செயற்கை ரப்பர்."

"ஓ, இதுதானா," என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வாசலுக்கு எதிரே பால்மரக் காடாக இருந்து இப்போது செம்பனைத் (எண்ணெய்ப்பனை) தோட்டமாகிவிட்ட பக்கம் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா உள்ளேயிருந்து, மார்க்கெட்டில் பால் சுறா வந்திருக்கிறது, தங்கச்சி பிள்ளை பெற்றிருக்கிறாள், புட்டு செய்ய வாங்கிக்கொண்டு வா என்றார். போய் வாங்கி வந்தேன், அரைக் கிலோ.