மறு: கெட்ச், யால் – தமிழில் எப்படி? வெள்ளிக்குள் வேண்டும்

அங் மோ கியோவிலிருந்து:
குழுவினருக்கு வணக்கம். சிங்கப்பூரில் எங்கள் சமூக மன்றத்தில் ஒரு படக் கண்காட்சி. ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் துறைமுகத்தில் 1994இல் தொடங்கி, இரண்டாண்டுக்கு ஒருமுறை கூடும் மரப்படகுத் திருவிழாவைப் பற்றியது. ஒரு படத்தில் 1867இல் கட்டிய 'மே குயின்', பாயைச் சுருட்டிக்கொண்டு நிற்கிறது. அது கெட்ச். அடுத்த படத்தில் ஒரு யால். இரண்டுக்கும் இரண்டு பாய்மரம், பின்மரம் குட்டை. அந்தக் குட்டைமரம் சுக்கான் தண்டுக்கு முன்னால் நின்றால் கெட்ச், பின்னால் நின்றால் யால். இரண்டுக்கும் 'இரட்டைப் பாய்மரப் படகு' என்று போட்டு அனுப்பினேன், திரும்பி வந்துவிட்டது. நான்கு மொழிப் பலகையில் தமிழுக்கு ஒரே வரிதான். வெள்ளி மதியம் அச்சுக்குப் போகிறது.

தேக்காவிலிருந்து:
தம்பி, பாய்மரத்துக்குக் கூம்பு என்ற சொல் புறநானூற்றிலேயே இருக்கிறது. 30ஆம் பாட்டில், 'கூம்பொடு மீப்பாய் களையாது' புகார்த் துறைமுகத்துக்குள் நுழைகிறது பெருங்கலம். குட்டைக்கூம்பு சுக்கானுக்கு உள்ளே நின்றால் அகக்கூம்பி, வெளியே நின்றால் புறக்கூம்பி. அகமும் புறமும் நமக்குப் புதிதா? மேலே போகப் போக ஒடுங்குவதால் கூம்பு. தாமரை கூம்புவதும் இதே வினைதான். குவி, குமிழ், கும்பிடு எல்லாம் ஒரே வேர் என்பது என் கட்சி. கோபுரத்தையும் இதில் சேர்க்கலாமா என்று மூன்று பக்கம் எழுதி வைத்திருக்கிறேன், தனியே அனுப்புகிறேன்.

உட்லண்ட்ஸிலிருந்து:
ஐயா, அழகான சொல். ஆனால் தமிழ்நாட்டில் படித்த எங்களுக்குக் கூம்பு என்றால் கணக்குப் பாடத்தில் கன அளவு கேட்கும் கூம்பு. இங்கே பிள்ளைகள் கணக்கை ஆங்கிலத்தில் படிப்பதால் அதுவும் தெரியாது. கெட்ச் என்றே எழுதலாமே. சம்பான், சரக்குப் படகான தொங்கான் எல்லாம் அப்படி வந்த பெயர்கள்தானே? 1983இல் தொங்கான்களைச் சிங்கப்பூர் ஆற்றைவிட்டுப் பாசிர் பாஞ்சாங்குக்கு அனுப்பியபோதும் தொங்கானுக்கு யாரும் தனித்தமிழ்ப் பெயர் வைத்து வழியனுப்பவில்லை.

பொத்தோங் பாசிரிலிருந்து:
இதெல்லாம் கடன் வாங்கச் சாக்கு. சுக்கானே அரபு. முதலில் அதை மாற்றுங்கள், 'திருப்புபலகை' என்று.

ஜூரோங்கிலிருந்து:
என் அப்பா தூத்துக்குடித் தோணியில் கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போனவர். சுக்கான், பருமல் (பாய் கட்டும் குறுக்குமரம்), நங்கூரம் என்றுதான் அவர் வாயில் வரும். நங்கூரம் பாரசீகம் என்று அதையும் கழற்றிவிட்டால் தோணியை எதில் நிறுத்துவது? அப்புறம் இன்னொன்று. 2010இல் ஓமானிலிருந்து இங்கே வந்த 'ஜுவல் ஆஃப் மஸ்கட்', ஆணி இல்லாமல் தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டிய கப்பல். நம் கரையின் மசூலாப் படகும் அதே வேலைப்பாடுதான். அந்தத் தொழிலின் சொற்களை யாராவது திரட்டுங்களேன், கெட்ச் கிடக்கட்டும்.

அங் மோ கியோவிலிருந்து:
வியாழன் இரவு பதினொன்று. ஐந்து பேரில் மூன்று பேர் கெட்ச் பக்கம். 'கெட்ச்: குட்டைமரம் சுக்கானுக்கு முன்', 'யால்: குட்டைமரம் சுக்கானுக்குப் பின்' என்று அனுப்பிவிட்டேன். ஒரு வரியில் அடங்குகிறது. எல்லோருக்கும் நன்றி.

தேக்காவிலிருந்து:
சரி, பெரும்பான்மை சொன்னால் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் என் மறுப்பையும் குறித்துக்கொள்ளுங்கள். கெட்ச்கூடப் போகட்டும். பலகையில் 'யால்' என்று தனியே நின்றால், மூன்றாம் வேற்றுமை உருபு உடம்படுமெய்யோடு எங்கிருந்தோ கழன்று விழுந்ததுபோல் இருக்கிறது. மெய்ப்புப் படி வரும்போது புறக்கூம்பியை இன்னொரு முறை யோசியுங்கள்.