120-இல் ஊளையிடும் பக்கி: மேட் ஒட்டுவதா, கயிறு சுற்றுவதா?

கேள்வி: டபுள் கேப் பக்கி (இரண்டு வரிசை சீட் உள்ள பிக்கப் வண்டி). கூரையில் 30 மி.மீ. உருண்டைக் கம்பி ரேக். தென்னாப்பிரிக்காவில் டர்பனிலிருந்து ஜோபர்க் (ஜோகன்னஸ்பர்க்) போகும் என்3 நெடுஞ்சாலையில் மணிக்கு 100 கி.மீ. வரை தொந்தரவில்லை. 120 தொட்டதும் ஊளை, கூடவே ஓயாத இரைச்சல். பின்சீட்டில் பேசுவது காதில் விழாது. கதவுக்குள் டேம்பிங் மேட் (தகட்டின் அதிர்வை அடக்கும் ஒட்டுவிரிப்பு) ஒட்டினால் தீருமா?

சாட்ஸ்வர்த்_ஆடியோ: ஒட்டுங்கள். தட்டினால் டப்பா மாதிரி ஒலிக்கும் தகட்டில் கால் பங்கை பியூட்டைல் ரப்பர் மேட்டால் மூடினாலே அதிர்வு அடங்கும். ஸ்பிரிட்டால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, ரோலரால் அழுத்த வேண்டும். கதவின் அடியில் இருக்கும் வடிகால் துளையை மட்டும் மூடிவிடாதீர்கள். தண்ணீர் தேங்கித் துருப்பிடிக்கும்.

பீனிக்ஸ்_பட்டறை: அண்ணே, மேட் தகட்டுக்கு மருந்து. ஊளையிடுவது கம்பி. 120 என்றால் நொடிக்கு 33 மீட்டர். உருண்டைக் கம்பிக்குப் பின்னால் காற்று மேலும் கீழும் மாறிமாறிச் சுழலாக உதிரும். உருண்டைக் கம்பிக்கான மாறிலி 0.2. அதை 33-ஆல் பெருக்கி, மீட்டரில் கம்பியின் தடிமனான 0.03-ஆல் வகுத்துப் பாருங்கள்: நொடிக்குச் சுமார் 220 தடவை. காதில் விழும் சுருதி அதுதான். 3 மி.மீ. நைலான் கயிற்றைக் கம்பியில் கொடி படர்வதுபோல், சுற்றுக்கு 15 செ.மீ. இடைவெளி விட்டு இறுக்கிச் சுற்றுங்கள். சுழல்கள் கம்பி நெடுக ஒரே நேரத்தில் உதிராது, ஊளை உடைந்துவிடும். ரேடியோ ஏரியலில் திருகுபோல் வரி ஓடுவதும் இதற்காகத்தான்.

சாட்ஸ்வர்த்_ஆடியோ: ஊளைக்குச் சரி, இரைச்சலுக்கு? ஜோபர்க் பக்கம் அதே வேகத்தில் சத்தம் குறைகிறது என்று பலரும் சொல்கிறார்கள். அப்படியானால் அது சாலையும் டயரும்தானே?

பீனிக்ஸ்_பட்டறை: அதை வைத்து முடிவு கட்ட முடியாது. ஜோபர்க் கடல்மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கு மேல். கடலோர டர்பனைவிடக் காற்றின் அடர்த்தி ஆறில் ஒரு பங்கு குறைவு, காற்றுச் சத்தமும் ஒன்றரை டெசிபெல் இறங்கும். டயரா என்று அறிய, பொடிக்கல் பதித்த சொரசொரப்பான சாலையிலிருந்து வழவழப்பான தாருக்கு மாறும் இடத்தில் வேகத்தை மாற்றாமல் கேளுங்கள். சத்தம் சட்டென்று இறங்கினால் டயர். மாறாமல் நின்றால் காற்று. காற்றுச் சத்தம் வேகத்தின் ஆறாம் அடுக்கில் ஏறும். 100-லிருந்து 120 போனாலே கிட்டத்தட்ட 5 டெசிபெல்.

டோங்காட்_ரப்பர்: இரண்டு பேரும் கதவு ரப்பரை விட்டுவிட்டீர்களே! ஓடும்போது பக்கக் கண்ணாடிக்கு வெளியே அழுத்தம் குறையும், கதவின் மேல்சட்டம் வெளியே இழுபடும். வெயிலில் இறுகிப்போன ரப்பர் அந்த இடைவெளியை நிரப்பாது. ஒரு காகிதத் துண்டை வைத்துக் கதவைச் சாத்தி இழுங்கள்; வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே கசிவு. அப்புறம் கதவு விளிம்பு, மிரர் அடிப்பகுதி எல்லாவற்றையும் மாஸ்கிங் டேப்பால் மூடி ஓட்டுங்கள். நிறுத்தி நிறுத்தி ஒவ்வொன்றாகப் பிரியுங்கள். எதைப் பிரித்ததும் இரைச்சல் திரும்புகிறதோ அங்கேதான் வேலை. மொத்தச் செலவு ஒரு ரோல் டேப்.

சாட்ஸ்வர்த்_ஆடியோ: டேப் சோதனை முதலில், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மேட்டே வேண்டாம் என்பதை ஏற்க மாட்டேன். ரேக்கின் கால் கூரைத் தகட்டில் நிற்கிறது, கம்பியின் நடுக்கம் அதன் வழியாகத்தான் உள்ளே இறங்கும். கயிறு சுற்றிய பிறகும் உறுமல் இருந்தால், கூரை லைனிங்கை இறக்கி ரேக் கால் நிற்கும் நான்கு இடங்களைச் சுற்றி மட்டும் ஒட்டுங்கள். கதவைத் தொட வேண்டாம்.