தம்பி போனைப் புடுங்கி அரிசி டின்னுக்குள்ள வச்சிட்டாங்க அம்மா, இது சரியா?

டவுன்_அக்கா:

எல்லாருக்கும் வணக்கம். நான் இங்கன எழுதுனதே இல்ல, படிச்சிட்டு போயிருவேன். இன்னைக்கு மனசு கேக்கல, கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்கோங்க.

எனக்கு ஒரே தம்பி, வயசு 19. அப்பா திருநெல்வேலி நயினார்குளம் மார்க்கெட்ல லோடுமேன், அம்மா பீடி சுத்துதாங்க. தம்பி பாலிடெக்னிக் ரெண்டாவது வருஷம் படிக்கும்போது காய்ச்சல் வந்துது, பல் தேய்ச்சா ஈறுல ரத்தம், கால்ல கடுகு அளவுக்கு செவப்பு செவப்பா புள்ளி. பக்கத்துல ஒரு கிளினிக்ல டெங்கு மாதிரி இருக்குன்னு அஞ்சு நாள் குளுக்கோஸ் ஏத்தி அனுப்பிட்டாங்க, அது குறையவே இல்ல. அப்புறம் ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போனோம், அங்க ரத்தத்தைப் பாத்த டாக்டரம்மா அப்பாவைத் தனியா கூப்பிட்டு சொன்னாங்க. ஏ.எல்.எல்., ரத்தப் புற்றுநோய். அங்க இருந்து திருவனந்தபுரம் கேன்சர் ஆஸ்பத்திரி.

முதல் மாசம் கீமோல அவனுக்கு பிளேட்லெட், ரத்தத்தை உறைய வைக்குத அணு, 8,000க்கு இறங்கிருச்சு. நல்லா இருக்க ஆளுக்கு ஒன்றரை லட்சத்துக்கு குறையாம இருக்கும். ஆள் கூட்டிட்டு வாங்க, டோனர் கூட்டிட்டு வாங்கன்னு சொல்லுதாங்க, அந்த ஊர்ல எங்களுக்கு யாரைத் தெரியும்? அப்பா மார்க்கெட்டுக்கு போன் போட்டாரு. மறுநாள் காலையிலேயே ஒரு வேன்ல பதினோரு பேரு வந்து இறங்கிட்டாங்க, அவ்வளவும் மூட்டை தூக்குத ஆளுங்க. அதுல நாலு பேருக்கு ஹீமோகுளோபின் 12.5 இல்லன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. அதுல ஒரு அண்ணாச்சி, நூறு கிலோ மூட்டையை ஒத்தையில முதுகுல ஏத்துத மனுஷன், என் ரத்தம் பிள்ளைக்கு ஆகாதாமேன்னு ஆஸ்பத்திரி படிக்கட்டுல உக்காந்து துண்டை வாயில வச்சுக்கிட்டு அழுதாரு. தம்பி அன்னைக்கு ஜன்னல் வழியா அதைப் பாத்துட்டான்.

அன்னைக்கு ராத்திரிதான் என்கிட்ட ஒரு நோட்டு கேட்டான். கோடு போட்ட 80 பக்க நோட்டு. அதுல தனக்கு ரத்தம் கொடுத்த ஒவ்வொருத்தர் பேரு, குரூப்பு, போன் நம்பர், என்னைக்கு கொடுத்தாங்க, அடுத்து என்னைக்கு கொடுக்கலாம், எல்லாம் எழுதுனான். வாய் எல்லாம் புண்ணு, தண்ணி கூட இறங்காது, அப்பவும் எழுதுவான். நான் நன்றி சொல்லத்தான் எழுதுதான்னு நெனச்சேன். பத்து நாள் கழிச்சு பக்கத்து பெட்ல அம்பாசமுத்திரம் பக்கத்துல இருந்து வந்த ஏழு வயசு பையனுக்கு பிளேட்லெட் கிடைக்காம அவன் அம்மா வராந்தாவுல நிக்காங்க, இவன் படுத்துக்கிட்டே அந்த நோட்டைப் பாத்து ஒவ்வொருத்தருக்கா போன் போட ஆரம்பிச்சான். அங்க படிக்க காலேஜ் பசங்ககிட்ட பேசிப் பேசி மலையாளமும் கத்துக்கிட்டான். ரயில்ல கேன்சர் பேஷண்டுக்கு ஸ்லீப்பர்ல டிக்கெட்டுக்குக் காசே கிடையாது, கூட வர்ற ஒரு ஆளுக்கு முக்கால்வாசி கழிவு, அந்த ஃபாரத்துல டாக்டர்கிட்ட எங்க கையெழுத்து வாங்கணும்னு வார்டு பூரா இவன்தான் சொல்லிக்கொடுப்பான்.

இப்ப அவன் மெயின்டனன்ஸ்ல இருக்கான், நோவு திரும்ப வராம இருக்க மாத்திரை போடுத கட்டம். வீட்டுலதான். தினமும் ராத்திரி ஒரு மாத்திரை, வாரத்துக்கு ஒருநாள் இன்னொரு மாத்திரை, மாசம் ஒருதடவை போயிட்டு வரணும். நோட்டு மூணு ஆயிருச்சு. ராத்திரி ஒரு மணி ரெண்டு மணிக்கெல்லாம் போன் வருது, எடுக்கான். போன மாசம் ஜங்ஷன்ல ஒரு டோனரை ரயில் ஏத்தி விடணும்னு சொல்லாம கொள்ளாம மழையில போயிட்டான். மூணாவது நாள் காய்ச்சல், 102. ஆஸ்பத்திரியில சேத்து ஆறு நாள் ஆன்டிபயாட்டிக் போட்டாங்க. அந்த ஆறு நாள் அம்மா எப்படி இருந்தாங்கன்னு நான் எழுத மாட்டேன்.

வீட்டுக்கு வந்த அன்னைக்கு அம்மா போனைப் புடுங்கி அரிசி டின்னுக்குள்ள போட்டு மூடிட்டாங்க. அவன் சண்டை போடல. சாப்பிடுதான், மாத்திரை போடுதான், செவரைப் பாத்து படுத்துக்கிடுதான், அவ்வளவுதான். டின்னு அப்பப்ப உள்ள இருந்து அதிரும். தகரம் இல்லையா, வீடு பூரா கேக்கும். அம்மா பீடித்தட்டை எடுத்துக்கிட்டு சித்தி வீட்டுத் திண்ணைக்குப் போயிருவாங்க (தூள் காத்துல பறக்கும்னு அவனுக்கு நோவு வந்ததுல இருந்து எங்க வீட்டுக்குள்ள பீடி சுத்துததே இல்ல). மூணு நாளா இதான். நடுவுல நான். அம்மா செஞ்சது சரியா, நான் டின்னைத் தொறக்கவா வேண்டாமா, யாராச்சும் சொல்லுங்க.

வள்ளியூர்க்காரன்:

தொறக்காதீங்க தங்கச்சி. நான் நேராவே சொல்லுதேன். எங்க அண்ணனும் இப்படித்தான் ஊருக்கு ஓடி ஓடி செஞ்சவரு, தனக்கு கீமோ நடக்கும்போதும் கொடைவிழா கணக்கு பாக்கணும்னு ராத்திரி முழிப்பாரு, யாரு சொல்லியும் கேக்கல. உதவி செய்ய ஊர்ல ஆயிரம் பேரு இருக்காங்க, அந்த வயசுல அந்த நோவோட அவன்தான் செய்யணும்னு என்ன இருக்கு? ரெண்டு வருஷம் முழுசா குணமாகட்டும், அப்புறம் வாழ்நாள் பூரா செய்யட்டும். உங்க அம்மா வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு இருக்காங்க, அவங்களைத் தப்பு சொல்லாதீங்க.

லேப்_சேரன்மாதேவி:

நான் ரத்த வங்கியில டெக்னீஷியன், பன்னெண்டு வருஷமா. அண்ணாச்சி சொல்லுததுல பாதி சரி, பாதியை நான் ஒத்துக்க மாட்டேன்.

சரியான பாதி மொதல்ல. மெயின்டனன்ஸ் மாத்திரை மிச்சம் இருக்க புற்று அணுவைக் கொல்லத்தான், ஆனா அதுவும் கிருமியை எதிர்க்குத வெள்ளை அணுவைக் குறைச்சுத்தான் வைக்கும். அப்ப கூட்டத்துல நிக்கதும் தூக்கம் கெடுததும் ஆகாது. 100.4 தாண்டுச்சுன்னா வீட்டுல பாராசிட்டமால் போட்டுப் பாப்போம்னு உக்காரவே கூடாது, அந்த நேரமே ஆஸ்பத்திரி. நீங்க கூட்டிட்டு போனது நல்லது, இதை வாசிக்க மத்தவங்களும் மனசுல வச்சுக்கோங்க.

இப்ப மத்த பாதி. பிளேட்லெட் எப்படிப்பட்ட சாமான்னு தெரிஞ்சாத்தான் உங்க தம்பி செய்யுதது என்னன்னு புரியும். சிவப்பணுவை ஃபிரிட்ஜ்ல ஒரு மாசத்துக்கு மேல வைக்கலாம். பிளேட்லெட்டை ஃபிரிட்ஜ்லயே வைக்க முடியாது, 20ல இருந்து 24 டிகிரியில ஆட்டிக்கிட்டே இருக்க ஒரு மெஷின்ல வைக்கணும், அதுவும் அஞ்சே நாள்தான். ஆறாவது நாள் கீழதான் ஊத்தணும். அதனால யாரும் சேத்து வச்சுக்க முடியாது, தேவைப்படும்போது ஆள் வேணும், உயிரோட நடந்து வர்ற ஆள். மெஷின்ல எடுத்தா ஒருத்தர்கிட்டயே ஒரு முழு டோஸ் கிடைக்கும், மத்தபடி ஆறு பேரு ரத்தத்துல பிரிச்சு எடுக்கது அது. முழு ரத்தம்னா ஆம்பளை மூணு மாசம், பொம்பளை நாலு மாசம் இடைவெளி விடணும், மெஷின்ல பிளேட்லெட் மட்டும் கொடுத்தவங்க 48 மணி நேரம் போனா திரும்பக் கொடுக்கலாம், வருஷத்துக்கு 24 தடவை வரைக்கும். இது ஊர்ல எத்தனை பேருக்குத் தெரியும்? யாரு என்னைக்கு கொடுத்தா, அடுத்து என்னைக்கு கொடுக்கலாம்னு ஒரு 19 வயசு பையன் படுக்கையில இருந்து எழுதி வச்சிருக்கான் பாருங்க, நான் சம்பளம் வாங்கிட்டு செய்யுத சோலி அது. அந்த நோட்டு இல்லன்னா ராத்திரி பத்து மணிக்கு ஒரு அம்மா வந்து நின்னா நான் யாரைக் கூப்பிடுவேன்னு எனக்குத்தான் தெரியும்.

அதனால போனை நிறுத்தாதீங்க, ஓட்டத்தை நிறுத்துங்க. நோட்டை ஃபோட்டோ எடுத்து நாலஞ்சு பேருகிட்ட கொடுங்க. ராத்திரி எட்டு மணிக்கு மேல வேற ஆள் எடுக்கட்டும், பகல்ல அவன் உக்காந்த இடத்துல இருந்து பேசட்டும், ரயில் ஏத்தி விடுததுக்கெல்லாம் கூட்டாளி பசங்க போகட்டும். அவனுக்கு இப்ப ரத்தம் கொடுக்க முடியாது, யோசிச்சுப் பாருங்க, வாங்க மட்டும்தான் முடியும். அந்தப் புள்ளைக்கு கொடுக்கதுக்குன்னு இருக்கதே அந்த போன்தான்.

பாளை_பி.டி.சார்:

பள்ளிக்கூடத்துல பிள்ளைங்களுக்கு ஓட்டம் சொல்லிக்கொடுக்கும்போது டெரி ஃபாக்ஸ் பத்தி வருஷா வருஷம் சொல்லுவேன். கனடாக்காரப் பையன். 18 வயசுல முழங்கால்கிட்ட எலும்புப் புற்றுநோய் வந்து வலது காலை எடுத்தாங்க. 1980 ஏப்ரல்ல செயற்கைக் காலை மாட்டிக்கிட்டு, புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் திரட்டணும்னு அந்த நாட்டைக் குறுக்கால ஓடிக் கடக்கக் கிளம்பினான். 143 நாளு, 5,373 கிலோமீட்டர். நோவு நுரையீரலுக்குப் போயிருச்சுன்னு செப்டம்பர் 1ந் தேதி நிறுத்துனான். மறுவருஷம் ஜூன்ல போய்ச் சேந்துட்டான், 22 வயசு. அவன் பேர்ல இன்னைக்கும் ஓடுதாங்க, சென்னையிலயும் நடந்திருக்கு.

இதுல எனக்கு முக்கியமாப் படுதது ஓட்டம் இல்லம்மா. அவனை ஓட வச்சது அவன் கால் போன துக்கம் இல்ல, கீமோ எடுக்கும்போது வார்டுல பாத்த மத்த பிள்ளைங்க. உங்க தம்பி அந்த ஜன்னல் வழியா பாத்தான்லா, அது மாதிரி. டெரியோட அம்மாவும் மொதல்ல ஒத்துக்கலதான். வள்ளியூர் அண்ணாச்சி சொல்லுத பயம் எனக்கும் இருக்கு, தம்பி ஓட வேண்டாம், உக்காந்து பேசட்டும்.

முக்கூடல்_அம்மா:

மக்களே, எனக்கு டைப் பண்ண வராது, மருமவள்தான் நான் சொல்லச் சொல்ல எழுதுதா.

எனக்கு ஒரு மவ இருந்தா. 16 வயசு. அவளுக்கும் எலும்புலதான். தலைமுடின்னா அப்படி ஒரு முடி, இடுப்புக்குக் கீழ தொங்கும். நான் செம்பருத்தி அரைச்சு, எண்ணெய் காய்ச்சி, ஞாயித்துக்கெழமைக்கு ஞாயித்துக்கெழமை தேச்சு வளத்த முடி. மருந்து ஏத்துனா கொட்டிரும்னு டாக்டர் சொன்ன அன்னைக்கு, கொட்டுததுக்கு முன்னால வெட்டிக் கொடுத்தா இன்னொரு பிள்ளைக்கு விக்கு செய்யலாம்மான்னு எங்கிட்ட கேட்டா. நான் விடல. கோட்டி புடிச்சிருக்கான்னு ஏசிட்டேன். மறுநாள் அவளே பக்கத்து வீட்டு மைனிகிட்ட சொல்லி, பின்னல் போட்டு, ரெண்டு முனையிலயும் ரப்பர் கட்டி வெட்டிட்டா. ஒரு முழத்துக்கும் நீளம். பிளாஸ்டிக் பையில போட்டு கையில வச்சுக்கிட்டு, அம்மா கோவிச்சுக்காதன்னு நிக்கா. நான் மொகம் கொடுக்கல கேட்டியளா. அன்னைக்கு பகல் பூரா, ராத்திரி பூரா மொகம் கொடுக்கல. அவ வந்து வந்து பக்கத்துல உக்காந்துட்டு போறா.

அது வேற பிள்ளை தலையில இருக்கு இப்ப, எங்கயோ. அவ இல்ல. நாலு வருஷம் ஆச்சு. முடி போனதுக்கு இப்ப எனக்கு ஒரு வருத்தமும் இல்ல, அந்த ஒரு நாளைத்தான் திருப்பி வாங்க முடியல. உங்க அம்மா மேல தப்பே கிடையாது, நானும் அவளும் ஒண்ணுதான். அவளை எனக்குப் பேசச் சொல்லு தாயி, நம்பரு தனியா அனுப்பச் சொல்லுதேன்.

டவுன்_அக்கா:

எல்லாருக்கும் எப்படி சொல்லன்னு தெரியல. முக்கூடல் அம்மா எழுதுனதை அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டுனேன். பாதியில எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிட்டாங்க, நான் நிறுத்திட்டேன், வாசிம்மான்னு உள்ள இருந்தே சொன்னாங்க. சாயங்காலம் ரெண்டு பேரும் போன்ல பேசுனாங்க, ஒரு மணி நேரம். என்ன பேசுனாங்கன்னு நான் கேக்கல.

லேப் சார் சொன்ன மாதிரி நோட்டை ஃபோட்டோ எடுத்தாச்சு, பாலிடெக்னிக் பசங்க அஞ்சு பேரு சேந்துருக்காங்க, ரயில் பஸ் எல்லாம் அவங்க பாத்துக்கிடுவாங்க. வள்ளியூர் அண்ணாச்சி, ராத்திரி எட்டு மணிக்கு மேல அவன் போனைத் தொடக் கூடாதுன்னு உங்க பேரைச் சொல்லித்தான் அம்மா சத்தியம் வாங்கிருக்காங்க.

டவுன்_அக்கா:

இன்னொண்ணு சொல்லணும். நேத்து ராத்திரி ஒன்பதரைக்கு போன் வந்துச்சு. தம்பி எந்திரிக்கப் போனான், அம்மா கையைக் காமிச்சு உக்காத்திட்டு, போன்ல ஒட்டியிருந்த தவிட்டைச் சேலையில தொடைச்சிட்டு அவங்களே எடுத்தாங்க. ஆஸ்பத்திரிக்காரங்கதான்னு நெனச்சு, எந்த குரூப்பு வேணும், எந்த ஊருன்னு கேக்காங்க. அந்தப் பக்கம் மார்க்கெட் அண்ணாச்சி, அன்னைக்கு படிக்கட்டுல உக்காந்து அழுதவரு. நாலு மாசமா சத்து மாத்திரையும் முருங்கைக்கீரையும் ஈரலுமா சாப்பிட்டு நேத்து டெஸ்ட் எடுத்திருக்காரு. 13.1 வந்திருச்சாம். அடுத்த வேன் என்னைக்கு போகுதுன்னு கேக்காரு.

அம்மா நோட்டையும் பேனாவையும் வாங்கி அவரு பேரை அவங்க கையாலயே எழுதுனாங்க. தம்பி பக்கத்துல உக்காந்து, பாசிட்டிவ்க்கு கூட்டல் குறி போட்டா போதும்மான்னு சொல்லிக் கொடுத்துக்கிட்டு இருந்தான்.