ஃப்ரோசன் 2 வீட்டில் பார்க்க: 4கே டிஸ்க்கா, ஆப்பில் தமிழா?

கீழக்கரை காக்கா:
துபாயில் இருந்து வந்த மச்சான் டிஸ்னியின் அனிமேஷன் படமான ஃப்ரோசன் 2-ஐ 4கே டிஸ்க்கில், அதாவது மிகத் துல்லியமான ப்ளூரே டிஸ்க்கில், வாங்கிக்கொண்டு வந்தார். பெருநாள் லீவில் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்த்தோம். மறுநாள் அதே டிவியில் அதே படத்தை ஒரு ஆப்பில் போட்டுப் பார்த்தேன். சொல்லிவிடுகிறேன், இந்தப் படத்தை ஆப்பில் மட்டும் பார்த்தவர்கள் பாதிப் படம்தான் பார்த்திருக்கிறார்கள்.

பனி மந்திரம் கொண்ட எல்சா இருட்டுக் கடலைக் கடக்கிற காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். மேலங்கியையும் காலணியையும் கழற்றிப் போட்டுவிட்டு, முடியை இறுக்கிக் கட்டிக்கொண்டு அலைக்குள் ஓடுகிறாள். டிஸ்க்கில் வானமும் கருப்பு, கடலும் கருப்பு, ஆனால் இரண்டும் வேறு வேறு கருப்பு. மின்னல் வெட்டும்போது தண்ணீருக்கு அடியில் தண்ணீரால் ஆன ஒரு மாயக் குதிரை நிற்பது தெரிகிறது. பிள்ளைகள் அப்படியே பின்னால் நகர்ந்தார்கள். ஆப்பில் அதே இடத்தில் வானம் பட்டை பட்டையாகப் பிரிகிறது, நுரை சின்னச் சின்னச் சதுரமாக உடைகிறது, குதிரை எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. இத்தனை பேர் உழைத்துச் செய்த கடலை இப்படியா பார்ப்பது? வீட்டில் நல்ல டிவி இருப்பவர்கள் டிஸ்க்கில்தான் பார்க்க வேண்டும்.

தங்கச்சிமடம் டீச்சர்:
காக்கா, உங்கள் டிஸ்க்கில் தமிழ் இருக்கிறதா?

கீழக்கரை காக்கா:
இல்லை டீச்சர். இங்கிலீஷும் வேறு சில மொழிகளும்தான். என் பிள்ளைகள் இங்கிலீஷ் மீடியம், சமாளித்துக்கொண்டார்கள்.

தங்கச்சிமடம் டீச்சர்:
அதைத்தான் கேட்க வந்தேன். இது குடும்பப் படம். 2019 நவம்பரில் தியேட்டருக்கு வந்தபோதே தமிழிலும் வந்தது. எல்சாவுக்கு ஸ்ருதி ஹாசன், தங்கை ஆனாவுக்கு டிடி, பனிமனிதன் ஓலஃபுக்கு சத்யன் குரல் கொடுத்தார்கள். எங்கள் தெருவில் ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு எல்சா என்றால் அந்தக் குரல்தான்.

ஓலஃப் காட்டுக்குள் நின்று முதல் படத்தின் கதை முழுவதையும் மூச்சு விடாமல் நடித்துக் காட்டுமே, அந்த இடத்தை இங்கிலீஷில் போட்டால் எங்கள் பிள்ளைகள் ஒருவரும் சிரிக்க மாட்டார்கள். கீழே எழுத்து ஓடினாலும் அந்த வேகத்துக்கு இரண்டாம் வகுப்புப் பிள்ளை வாசித்து முடிக்காது. முதல் படம் பார்க்காத பிள்ளைக்கு அந்த ஒரு நிமிஷம்தான் கதைக்குள் நுழையும் வாசல்.

அப்புறம் ஆனா குகைக்குள் தனியாக உட்கார்ந்து அழுகிற இடம். ஓலஃபும் இல்லை, அக்காவும் இல்லை. அடுத்து செய்ய வேண்டிய சரியான ஒரு காரியத்தை மட்டும் செய்வோம் என்று எழுந்து நடப்பாள். அப்பா கடலுக்குப் போய் இரண்டு நாள் வராத வீட்டுப் பிள்ளை ஒன்று அந்த இடத்தில் என் சேலையைப் பிடித்துக்கொண்டு, "இவ அழுதுக்கிட்டே நடக்குறா டீச்சர்" என்று சொன்னது. ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் அது அவ்வளவு உள்ளே போயிருக்காது. கருப்பு எத்தனை வகை என்று அந்தப் பிள்ளை எண்ணவில்லை. தரம் என்றால் படம் மட்டும்தானா காக்கா?

பாம்பன் கடலோடி:
டீச்சர் அக்கா சொல்வது நியாயம். ஆனாலும் படத்தின் விஷயத்தில் நான் காக்கா பக்கம்தான்.

இரவு கடலுக்குப் போகிறவன் என்பதால் சொல்கிறேன். நிலா இல்லாத ராத்திரியில் கடல் ஒரே கருப்பாக இருக்காது. அலை உடைவதற்கு முன்னால் அதன் முகட்டில் ஒரு வெளிச்சக் கோடு ஓடும். அதைப் பார்த்துத்தான் போட்டைத் திருப்புவோம். இந்தப் படத்தில் அந்தக் கோட்டை வைத்திருக்கிறார்கள். அலை எழும்பி, ஒரு விநாடி நின்று, அப்புறம்தான் உடைகிறது. தென்கடலில் சோழகக் காற்று, அதாவது தென்காற்று, அடிக்கும் நாளில் வரும் அலை அப்படித்தான் இருக்கும். முதல் தடவை எல்சா அலை மேல் ஏறும்போது கீழே விழுவாள் பாருங்கள், அலை அவளைத் தூக்கிப் போடுகிற விதம் பொய்யில்லை.

என் போனில் பார்த்தபோது அந்தக் கோடு இல்லை. கடல் மொத்தமும் ஒரே சாம்பல் கலர். சொந்தக்காரர் வீட்டில் டிஸ்க்கில் பார்த்தபோதுதான் கோடு தெரிந்தது. கடல்புரத்துப் பிள்ளைக்குக் கடலைச் சரியாகக் காட்ட வேண்டாமா அக்கா? அவர்கள் பார்த்தவுடனே கண்டுபிடிப்பார்கள்.

ராமநாதபுரம் டிவி மெக்கானிக்:
கொஞ்சம் பொறுங்கள். எல்லாப் பழியையும் ஆப் மேல் போடாதீர்கள். பாம்பன், மண்டபம், தேவிபட்டினம் எல்லாப் பக்கமும் வீடுகளுக்குப் போய் டிவி பார்க்கிறவன் நான். பத்து வீட்டில் எட்டு வீட்டு டிவி கடையில் வைத்திருந்த அதே விவிட் மோடில்தான் ஓடுகிறது. பின்னொளி முழுசாக ஏறி நிற்கும், ஷார்ப்னஸ் உச்சத்தில் இருக்கும். அதில் எந்தப் படத்தைப் போட்டாலும் இருட்டுப் பகுதி சாம்பலாகத்தான் வெளுக்கும், சதுரங்கள் எடுப்பாகத் தெரியும். சினிமா மோடுக்கு மாற்றுங்கள். ஷார்ப்னஸைக் குறையுங்கள். படத்தை வழுக்கி ஓட வைக்கும் மோஷன் ஸ்மூத்திங்கை அணையுங்கள். படம் விநாடிக்கு 24 ஃப்ரேம். நடுவில் டிவி தானாக ஃப்ரேம் செய்து செருகினால் எல்சாவின் விரல் ஓரம் இழுபடும்.

இதைவிடப் பெரிய தப்பு ஜூம் பட்டன். இந்தப் படம் அகலத்திரைப் படம், 2.39க்கு 1 என்ற அளவு. டிவி 1.78க்கு 1. மேலும் கீழும் கருப்புப் பட்டை வரத்தான் செய்யும். காசு கொடுத்து வாங்கிய டிவியில் இடம் வீணாகிறது என்று ஜூம் செய்துவிடுகிறார்கள். படத்தின் அகலத்தில் கால்வாசி வெளியே போய்விடும். காக்கா சொன்ன கடல் காட்சியில் எல்சா ஒரு ஓரத்தில் சின்னதாக நிற்பாள், மீதி எல்லாம் அலை. ஜூம் செய்தால் அலையும் போச்சு, அளவும் போச்சு. பிள்ளைக்கு அது பெரிய கடல் என்றே தோன்றாது.

இன்னொன்று, நம்ம ஊர்க் காற்று. உப்புக் காற்றில் பிளேயரையும் டிவியையும் இணைக்கும் எச்டிஎம்ஐ கேபிளின் முனை பச்சை பூத்துவிடும். டிஸ்க் பிளேயரில் படம் விட்டு விட்டு வருகிறது என்று கூப்பிடுவார்கள். போய்ப் பார்த்தால் கேபிள் முனைதான் அரித்திருக்கும்.

கீழக்கரை காக்கா:
மெக்கானிக் அண்ணே, செட்டிங் எல்லாம் சரி பண்ணிவிட்டுத்தான் பேசுகிறேன். சினிமா மோடு, ஸ்மூத்திங் கிடையாது, ஜூம் கிடையாது. அப்படியும் ஆப்பில் வானம் பட்டை பட்டையாகத்தான் பிரிகிறது. காரணம் சொல்கிறேன்.

படத்தைச் சுருக்கும் முறையே முந்தைய ஃப்ரேமில் இருந்து என்ன மாறியது என்பதைத்தான் பெரும்பாலும் குறித்துக்கொள்வது. ஆள் நின்று பேசினால் முகம் மட்டும்தான் மாறும், கொஞ்சம் டேட்டா போதும். அலை நுரையில் ஒவ்வொரு ஃப்ரேமிலும் எல்லாமே மாறும். அதோடு இருட்டும் சேர்ந்தால், கண்ணுக்குத் தெரியாது என்று நினைத்து இருட்டுப் பகுதிக்குக் கிடைக்கும் டேட்டாவைத்தான் முதலில் வெட்டுவார்கள். இந்தக் காட்சியில் தண்ணீர், நுரை, மின்னல், இருட்டு எல்லாம் ஒரே நேரத்தில் வருகிறது. சுருக்கும் மென்பொருளுக்கு இதைவிடக் கஷ்டமான காட்சி கிடையாது.

சாதாரண ப்ளூரேவிலேயே படத்துக்கு விநாடிக்கு 40 மெகாபிட் வரை இடம் உண்டு. 4கே டிஸ்க்கில் ஏறத்தாழ 100 வரை போகலாம். ஆப்பில் 4கே என்றாலே 15, 25 அந்த அளவுதான், ஃபுல் எச்டி என்றால் ஏறத்தாழ 5. ப்ளூரேவில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிதான், 4கே டிஸ்க்கில் 1024. வானம் வழுக்கிக்கொண்டு இருண்டு போவதற்கு அந்தப் படிகள் வேண்டும்.

உச்சிப்புளி பையன்:
காக்கா, அந்த 1024 படியை 10 பிட் என்பார்கள், அது ஆப்பிலும் உண்டு. வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டிக் காட்டும் எச்டிஆர் டிவி இருந்தால் 4கே ஸ்ட்ரீமும் 1024 படிதான். படியில் குறை இல்லை, டேட்டாவில்தான் குறை. 4கே என்ற பெயரைப் பார்த்தும் ஏமாற வேண்டாம். பல அனிமேஷன் படங்கள் 2கே அளவில் முடித்து அப்புறம் பெரிதாக்கியவைதான். நீங்கள் பார்த்த வித்தியாசம் புள்ளிகளின் எண்ணிக்கையால் வந்தது இல்லை, எச்டிஆரும் டேட்டாவும் கொடுத்தது.

கீழக்கரை காக்கா:
ஒத்துக்கொள்கிறேன் தம்பி. ஆனால் அந்த டேட்டா டிஸ்க்கில்தானே கிடைக்கிறது?

தங்கச்சிமடம் டீச்சர்:
டேட்டா என்று சொன்னீர்களே, எங்கள் வீட்டுக் கணக்கைக் கேளுங்கள். படம் 103 நிமிஷம். நீங்கள் சொன்ன 15 மெகாபிட் என்றே வைத்துக்கொண்டாலும் முழுப் படத்துக்கு 11 ஜிபிக்கு மேல் ஆகும். இங்கே பாதி வீட்டில் போன் ஹாட்ஸ்பாட்டில்தான் டிவி ஓடுகிறது. ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி, இரண்டு ஜிபி. அதனால் எச்டிக்கும் குறைவாகத்தான் பார்க்கிறோம். நீங்கள் காட்டும் குறை எல்லாம் எனக்கும் தெரியும். இல்லை என்று சொல்லவில்லை.

டிஸ்க் வாங்கு என்று சொல்வது சுலபம். பிளேயர் வேண்டும், எச்டிஆர் டிவி வேண்டும், துபாயில் இருந்து கொண்டுவர ஆள் வேண்டும். மீன்பிடித் தடைக்காலம், ஏப்ரல் 15இல் இருந்து 61 நாள் விசைப்படகு கரையில் கிடக்கிறது. இந்த நேரத்தில்தான் அப்பாவும் பிள்ளையும் ஒன்றாக உட்கார்ந்து படம் பார்க்க முடியும், இந்த நேரத்தில்தான் கையில் காசும் இருக்காது. அவர்கள் ஆப்பில் பார்த்தால் பாதிப் படம்தான் பார்த்தார்கள் என்று சொல்லாதீர்கள் காக்கா. அந்த வார்த்தைதான் எனக்கு வலிக்கிறது.

பாம்பன் கடலோடி:
அக்கா சொன்ன தடைக்காலக் கணக்கு உண்மை. நானும் இப்போது வீட்டில்தான் இருக்கிறேன்.

கீழக்கரை காக்கா:
டீச்சர், யார் வீட்டையும் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. படத்தைக் கொடுக்கிறவர்கள் நமக்குக் குறைத்துக் கொடுக்கிறார்கள் என்பதுதான் என் ஆதங்கம். தமிழில் குரல் பதிவு செய்தாகிவிட்டது. இசையும் அலைச் சத்தமும் தனித் தடமாக எல்லா மொழிக்கும் ஒன்றுதான், பேச்சை மட்டும் மாற்றிக் கலக்கிறார்கள். அந்தத் தமிழ்த் தடத்தையும் டிஸ்க்கில் சேர்த்தால் என்ன? 66 ஜிபி, 100 ஜிபி கொள்கிற டிஸ்க்கில் ஒரு ஒலித்தடத்துக்கு இடம் இல்லாமல் போகாது. இதைக் கேட்பதற்குப் பதிலாக, ஆப்பில் இருப்பதே போதும் என்று நாம் சொல்லிக்கொண்டிருந்தால் எப்போதும் இப்படித்தான் கொடுப்பார்கள்.

தங்கச்சிமடம் டீச்சர்:
தமிழ்த் தடத்தோடு டிஸ்க் வரட்டும், முதல் ஆளாக நான் வாங்குகிறேன். அதுவரைக்கும் பிள்ளைகளை இங்கிலீஷில் உட்கார வைக்க மாட்டேன்.

உச்சிப்புளி பையன்:
ஒலி பற்றியும் ஒரு வார்த்தை. எல்சாவைக் கூப்பிடுகிற அந்த நாலு ஸ்வரக் குரல் நார்வே பாடகி ஆரோரா பாடியது. அது அறையின் ஒரு மூலையில் இருந்து வர வேண்டும், அவள் திரும்பிப் பார்க்கிற பக்கத்தில் இருந்து. டிவி ஸ்பீக்கரில் எல்லாம் நடுவில் இருந்துதான் வரும், டிஸ்க்காக இருந்தாலும் சரி, ஆப்பாக இருந்தாலும் சரி. டிஸ்க்கில் அட்மாஸ் ஒலியை, அதாவது சுற்றிலும் மேலிருந்தும் வரும் ஒலியை, கேட்பவர்கள் சத்தத்தை வழக்கத்தைவிட ஏற்றி வையுங்கள். டிஸ்னி நிறுவனத்தின் 4கே டிஸ்க்குகளில் ஒலி அளவு குறைவு என்று பல விமர்சகர்கள் எழுதியிருக்கிறார்கள்.

ராமநாதபுரம் டிவி மெக்கானிக்:
ஒன்று கவனித்தீர்களா? நீங்கள் இவ்வளவு சண்டை போடுகிற கடல் காட்சியில் பேச்சே கிடையாது. மூச்சு, அலை, இசை அவ்வளவுதான். அங்கே தமிழும் இங்கிலீஷும் ஒன்றுதான்.

பாம்பன் கடலோடி:
அட, ஆமாம் அண்ணே.

அப்படியென்றால் ஒரு யோசனை. வரும் ஞாயிறு ராத்திரி எங்கள் வீட்டு மொட்டை மாடியில் தெருப் பிள்ளைகளுக்குப் படம் போடலாம் என்று பேசிக்கொண்டிருந்தோம். மாமா மகனிடம் புரொஜெக்டர் இருக்கிறது. படத்தைத் தமிழில் போடுவோம், கடல் வரும்போது காக்காவின் டிஸ்க்குக்கு மாற்றுவோம்.

தங்கச்சிமடம் டீச்சர்:
வேண்டவே வேண்டாம் தம்பி. நடுவில் நிறுத்தி, கேபிளை மாற்றி, நீலத் திரை காட்டி, மறுபடி ஆரம்பித்தால் பிள்ளைகள் எழுந்து ஓடிவிடும். கடல் காட்சிக்கு முன்னால்தான் எல்சா தங்கையைப் படகில் தள்ளி அனுப்புவாள். அந்தக் கோபத்தோடுதான் பிள்ளை கடலுக்குள் போக வேண்டும். முழுப் படமும் தமிழில் ஓடட்டும். முடிந்த பிறகு விழித்திருக்கிற பிள்ளைகளுக்கு அந்தக் காட்சியை மட்டும் டிஸ்க்கில் போடுங்கள்.

கீழக்கரை காக்கா:
முதலில் மங்கலாகப் பார்த்துவிட்டு அப்புறம் தெளிவாகப் பார்ப்பதில் எனக்குச் சம்மதம் இல்லை. முதல் தடவை பார்ப்பதுதான் மனதில் நிற்கும். ஆனால் பிள்ளைகள் உங்கள் பிள்ளைகள், டீச்சர். நீங்கள் சொன்னபடியே செய்யுங்கள். டிஸ்க்கும் பிளேயரும் கொண்டு வருகிறேன்.

ராமநாதபுரம் டிவி மெக்கானிக்:
புரொஜெக்டரில் கருப்பு என்பது அந்த இடத்து இருட்டுதான். புரொஜெக்டரை அணைத்து வைத்தால் திரைத்துணி எவ்வளவு இருட்டாக இருக்குமோ அதைவிடக் கருப்பாகப் படம் இருக்க முடியாது. தெருவிளக்கு துணி மேல் பட்டால் டிஸ்க்கும் ஆப்பும் ஒன்றுதான், காக்கா கொண்டுவருவது வீண். மாடிக்கு நேரே விளக்கு இருக்கிறதா தம்பி? சோழகக் காற்றுக்குத் துணியின் நாலு மூலையும் இழுத்துக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஃபோகஸ் நிற்காது.

பாம்பன் கடலோடி:
வடக்குப் பக்கம் ஒரு விளக்கு இருக்கிறது அண்ணே. துணியை அதற்கு முதுகு காட்டிக் கட்டினால் வெளிச்சம் பின்னால் இருந்து ஊடுருவும், அதனால் பழைய தார்ப்பாயைப் பின்னால் சேர்த்துத் தைக்கச் சொல்கிறேன். கட்டுவதற்கு வலைக்கயிறு நிறையக் கிடக்கிறது.

தங்கச்சிமடம் டீச்சர்:
தமிழில் ஓட வேண்டிய பிரதியை முந்தின ராத்திரியே ஆப்பில் டவுன்லோட் செய்து வையுங்கள், கிடைப்பதிலேயே பெரிய தரத்தில். என் போனில் இரண்டு நாள் டேட்டாவை மிச்சம் பிடித்துத் தருகிறேன். எந்தப் போனில் இருந்து புரொஜெக்டருக்குப் போகும் என்பதை மட்டும் சனிக்கிழமையே சோதித்துப் பாருங்கள். சில ஆப்புகள் கேபிள் செருகினால் படத்தைக் கருப்பாக்கிவிடும்.

உச்சிப்புளி பையன்:
சனிக்கிழமை நான் வருகிறேன். டிவியில் செருகி ஆப் ஓட்டுகிற ஸ்டிக் ஒன்று என்னிடம் இருக்கிறது, போன் ஒத்துழைக்காவிட்டால் அதில் போடலாம். காக்கா, உங்கள் பிளேயருக்குப் புது எச்டிஎம்ஐ கேபிள் கொண்டு வாருங்கள், பழையது வேண்டாம்.