டார்வினுக்குக் குருவி அலகைப் பார்த்ததுமே இயற்கைத் தேர்வு தோன்றிவிட்டதா?

தேன்மொழி:
மகளுக்கு உயிரியல் சொல்லிக் கொடுத்துட்டு இருக்கேன். புத்தகத்துல மூணே வரிதான். டார்வின் 1835-ல் காலாபகஸ் தீவுகளுக்குப் போனார், தீவுக்குத் தீவு பின்ச் குருவிகளோட அலகு மாறியிருக்கறதைப் பார்த்தார், இயற்கைத் தேர்வைக் கண்டுபிடிச்சார். அடுத்த பத்தியிலயே 1859, புத்தகம் வெளிவந்துடுது. நடுவுல 24 வருஷம் மனுஷன் என்ன செஞ்சார்னு மக கேட்டா, எனக்குப் பதில் தெரியல. இன்னொண்ணு, 1900 வாக்கில் விஞ்ஞானிகளே இயற்கைத் தேர்வைக் கிட்டத்தட்டக் கைவிட்டுட்டாங்கன்னு எங்கேயோ படிச்சேன். நிஜமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கடல்காகம்:
சிம்பிள். சர்ச்சுக்குப் பயந்து பெட்டியில பூட்டி வச்சிருந்தார். மனைவியும் பக்தி உள்ளவங்க. 1858-ல் வாலஸ்னு இன்னொரு இயற்கை ஆராய்ச்சியாளர் இதே யோசனையை எழுதி அனுப்பினதும் வேற வழியில்லாம வெளியே விட்டார்.

பழைய விலங்கியல் வாத்தியார்:
தேன்மொழி அம்மா, உங்க மகள் கேட்டது நல்ல கேள்வி. நான் வேலையில் இருந்தவரை இந்தப் பாடம் நடத்தும்போதெல்லாம் அந்த மூன்று வரியோடு சண்டை போட்டிருக்கிறேன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் குருவி. காலாபகஸில் டார்வின் இருந்தது ஐந்து வாரம். பின்ச் குருவிகளைச் சுட்டுப் பாடம் செய்தாரே ஒழிய, எது எந்தத் தீவில் பிடித்தது என்று பெரும்பாலும் குறித்து வைக்கவில்லை. அவையெல்லாம் ஒரே குடும்பம் என்றுகூட அவருக்குத் தெரியாது. சிலவற்றை வேறு வகைப் பறவைகள் என்றே எழுதி வைத்திருந்தார். அவர் கண்ணை உறுத்தியது தீவுக்குத் தீவு வேறாயிருந்த மாக்கிங்பேர்ட் என்ற இன்னொரு பறவை. அதை மட்டும் தீவு வாரியாகக் குறித்திருந்தார். ஊர் திரும்பிய பிறகு, 1837 ஜனவரியில், லண்டனில் ஜான் கூல்ட் என்ற பறவை நிபுணர் அந்தத் தோல்களைப் பரப்பி வைத்துப் பார்த்துவிட்டு, இவை அத்தனையும் நெருங்கிய உறவுள்ள பின்ச் இனங்கள் என்றார். அதற்குப் பிறகுதான் டார்வின் ஓடிப்போய், கப்பல் தலைவர் ஃபிட்ஸ்ராயும் மற்றவர்களும் சேர்த்து வைத்திருந்த குருவிகளின் சீட்டுகளைப் பார்த்துத் தீவுக் கணக்கைச் சரிக்கட்டினார்.

இதெல்லாம் அவருக்குக் கொடுத்தது ஒரே ஒரு எண்ணம்: இனங்கள் மாறுகின்றன, ஒன்றிலிருந்து ஒன்று பிரிகிறது. எப்படி மாறுகின்றன என்பதற்குப் பதில் 1838 செப்டம்பர் கடைசியில், மால்தஸ் என்ற பொருளியலாளரின் மக்கள்தொகைக் கட்டுரையைப் படிக்கும்போதுதான் கிடைத்தது. பிறப்பவை எல்லாம் பிழைக்க இடமில்லை என்றால், பிழைப்பது எது? சூழலுக்குத் தோதான குணம் உள்ளது பிழைக்கும், அந்தக் குணமே தலைமுறைக்குத் தலைமுறை பெருகும். இயற்கைத் தேர்வு பிறந்தது அந்த வாசிப்பில், தீவில் அல்ல.

கடல்காகம் தம்பி, பயம் இல்லை என்று சொல்லமாட்டேன். 1844-ல் தாவரவியல் நண்பர் ஹூக்கருக்கு எழுதிய கடிதத்தில், இனங்கள் மாறுகின்றன என்று சொல்வது கொலைக்குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோல் இருக்கிறது என்கிறார். ஆனால் 'பூட்டி வச்சார்' என்பது சரியில்லை. 1842-ல் சுருக்கமான வரைவு, 1844-ல் முழு நீளக் கட்டுரை. தான் செத்துப்போனால் 400 பவுண்டு செலவழித்து அதை வெளியிடு என்று மனைவிக்கே கடிதம் எழுதி வைத்தார். அதே 1844-ல் பேர் போடாமல் வெளிவந்த ஒரு பரிணாமப் புத்தகத்தை விஞ்ஞானிகளே கிழித்துத் தொங்கவிட்டார்கள். பல இனங்களை நுணுக்கமாக ஆராயாதவனுக்கு இதைப் பற்றிப் பேச உரிமையில்லை என்று ஹூக்கர் பொதுவாகச் சொன்ன வார்த்தையும் தைத்திருக்கிறது. 1846 முதல் 1854 வரை பாறையிலும் கப்பல் அடியிலும் ஒட்டிக்கொள்ளும் கொட்டலசுகளை நுண்ணோக்கியில் அறுத்துப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். வீண் வேலை இல்லை அது. ஒரே இனத்துக்குள் எவ்வளவு வேறுபாடு இருக்கிறது என்பதை அங்கேதான் கண்கூடாகப் பார்த்தார்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. என்னைக் கேட்டால் பாடத்தின் உயிரே இங்கேதான் இருக்கிறது, புத்தகம் போடுபவர்கள் தொடுவதே இல்லை. 1859-ல் டார்வின் சொன்னது இரண்டு விஷயம். உயிர்களுக்குப் பொது மூதாதை உண்டு என்பது ஒன்று. அதை விஞ்ஞானிகளில் பெரும்பாலோர் பத்துப் பதினைந்து வருடத்தில் ஏற்றுக்கொண்டார்கள். மாற்றத்தை நடத்துவது முக்கியமாக இயற்கைத் தேர்வு என்பது மற்றது. அது நிலைபெற இன்னும் 70 வருடம் ஆயிற்று.

காரணம் மதம் அல்ல, கணக்கு. 1867-ல் ஃப்ளீமிங் ஜென்கின் என்ற பொறியாளர் ஒரு விமர்சனம் எழுதினார். (அதில் அவர் கொடுக்கும் உதாரணம் இன்று வாசிக்கக் கூசும் இனவெறி. கணக்கை மட்டும் எடுத்துக்கொள்வோம்.) அந்தக் காலத்தில் எல்லோரும் நம்பியது, தாய் தகப்பன் குணங்கள் இரண்டு பெயின்ட் கலப்பதுபோல் பிள்ளையில் கலந்துவிடும் என்று. அப்படியானால் ஒருவனுக்கு வாய்த்த நல்ல மாற்றம் பிள்ளைக்குப் பாதி, பேரனுக்குக் கால், கொள்ளுப்பேரனுக்கு அரைக்கால், அடுத்தவனுக்கு வீசம். இயற்கை தேர்ந்தெடுக்க வருவதற்குள் தேர்ந்தெடுக்க ஒன்றும் மிஞ்சாது. கரும்பலகையில் இதை எழுதிக் காட்டினால் வகுப்பே டார்வினைக் கைவிட்டுவிடும், அவ்வளவு வலுவான வாதம்.

மறுபக்கம் கெல்வின் பிரபு என்ற இயற்பியலாளர். பூமி குளிர்ந்து வரும் வேகத்தைக் கணக்கிட்டு 1862-ல் அதற்கு 2 கோடி முதல் 40 கோடி வயதுதான் என்றார், பிறகு அதையும் குறைத்துக்கொண்டே போனார். மெதுவாக நடக்கும் தேர்வுக்கு நேரம் போதாது. பாறைக்குள் இருந்து வெப்பம் தரும் கதிரியக்கம் அப்போது யாருக்கும் தெரியாது.

குணங்கள் பிள்ளைக்கு எப்படிப் போகின்றன என்பதற்கு 1868-ல் டார்வின் ஒரு விளக்கம் சொன்னார்: உடம்பின் ஒவ்வொரு பாகமும் நுண்துகள்களை அனுப்புகிறது, அவை சேர்ந்துதான் அடுத்த தலைமுறை. அவருடைய உறவினர் கால்டன், ஒரு நிற முயலின் ரத்தத்தை வேறு நிற முயலுக்கு ஏற்றிக் குட்டி போட வைத்துப் பார்த்தார். குட்டிகளின் நிறம் மாறவேயில்லை.

விடை 1866-லேயே அச்சில் இருந்தது. பட்டாணிச் செடியில் குணங்கள் கலப்பதில்லை, முழுசாக மறைந்திருந்து முழுசாகத் திரும்பி வரும் என்று மெண்டல் காட்டியிருந்தார். 1900-ல் அது மறுபடி வெளிச்சத்துக்கு வந்தபோது வேடிக்கையைப் பாருங்கள், மெண்டலைத் தூக்கிப் பிடித்தவர்கள் டார்வின் தோற்றார் என்றார்கள்! புதிய இனம் ஒரே தாவலில் வரும், சின்னச் சின்ன மாற்றத்துக்கு வேலையில்லை என்பது அவர்கள் கட்சி. நீங்கள் படித்த '1900 வாக்கில்' இதுதான்.

மெண்டலையும் டார்வினையும் முடிச்சுப் போட்டவர் ஃபிஷர் என்ற புள்ளியியலாளர். உயரம் போன்ற படிப்படியான குணங்களும் பல மெண்டல் காரணிகள் (இன்று ஜீன்கள் என்கிறோம்) சேர்ந்தால் வந்துவிடும் என்று கணிதத்தில் காட்டினார். லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் சங்கம் அந்தக் கட்டுரையைப் பார்வையிடக் கொடுத்தது மெண்டல் கட்சி, படிப்படி மாற்றக் கட்சி இரண்டிலிருந்தும் ஒவ்வொருவரிடம். இருவருக்கும் பிடிக்கவில்லை. கடைசியில் 1918-ல் எடின்பரோவில் அச்சானது. 1924-ல் ஹால்டேன் என்ற உயிரியலாளர், மான்செஸ்டர் பக்கம் 1848-ல் அபூர்வமாயிருந்த கறுப்பு அந்துப்பூச்சி அரை நூற்றாண்டில் அந்த வட்டாரத்தையே பிடித்துக்கொண்டதை வைத்துக் கணக்குப் போட்டு, வெள்ளையைவிடக் கறுப்புக்கு ஒன்றரை மடங்கு வாரிசு இருந்தால்தான் அது நடக்கும் என்றார். தேர்வின் வலிமைக்கு ஓர் எண் கிடைத்தது.

தேன்மொழி:
ரொம்ப நன்றி ஐயா. பிள்ளை-பேரன் கணக்கை மகளே போட்டுப் பார்த்தா. அப்போ அலகுக் கதை முழுக்கக் கட்டுக்கதையா? பரீட்சையில என்ன எழுதறது?

பழைய விலங்கியல் வாத்தியார்:
கட்டுக்கதை இல்லையம்மா, ஆள் மாறிப்போச்சு. 1973 முதல் பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதி அதே தீவுக்கூட்டத்தில் டாஃப்னி மேஜர் என்ற குட்டித் தீவில் குருவிகளுக்கு வளையம் போட்டு, அலகைக் காலிப்பரால் அளந்துகொண்டே இருந்தார்கள். 1977-ல் மழை பொய்த்தது. சின்ன விதைகள் தீர்ந்து, நெருஞ்சி இனத்துச் செடியின் கெட்டி முள்விதைதான் மிச்சம். பெரும்பாலான குருவிகள் செத்தன. பிழைத்தவற்றின் அலகு சராசரியாகச் சுமார் அரை மில்லிமீட்டர் தடிமன் கூட. குஞ்சுகளுக்கும் அது வந்தது. 1983-ல் எல் நினோ என்ற கடல் வெப்ப மாற்றத்தால் மழை கொட்டித் தீர்க்க, சின்ன விதை பெருகி, அடுத்து வந்த வறட்சியில் தேர்வு சிறிய அலகுப் பக்கம் திரும்பிவிட்டது.

பரீட்சையில் புத்தகத்தில் உள்ளதையே எழுதச் சொல்லுங்கள், மார்க் முக்கியம். இடம் மிச்சமிருந்தால் மாக்கிங்பேர்ட் என்று ஒரு வரி சேர்க்கட்டும்.