பச்சைப்பயறை வைத்து ஒரு வாரப் பாடம்: யாராவது நடத்தியிருக்கிறீர்களா?

கேள்வி (மூன்றாம் வகுப்பு ஆசிரியை):
திங்கள் முதல் வெள்ளி வரை தமிழ், கணக்கு, சூழ்நிலையியல் மூன்றையும் பச்சைப்பயறைச் சுற்றியே நடத்த ஆசை. ஆனால் கற்றல் திறனைப் பொறுத்து, கீழிருந்து மேலாக அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரித்த மூன்று நிலைப் பிள்ளைகளும் ஒரே அறையில் இருக்கிறார்கள். சமாளிக்க முடியுமா?

பதில் (ஓய்வுபெற்ற தலைமையாசிரியை):
தாராளமாக முடியும் அம்மா. ஞாயிறு இரவே பயறை ஊறவைத்துவிடுங்கள். திங்களன்று இரண்டு கொட்டாங்குச்சிகளில் மண் நிரப்பி விதைத்து, ஒன்றை ஜன்னலோரமும் இன்னொன்றை அட்டைப் பெட்டிக்குள்ளும் வையுங்கள். முளைத்ததும் ஜன்னலோரச் செடியைத் தினமும் நூலால் அளந்து, அந்த நூலையே நோட்டில் ஒட்டச் சொல்லுங்கள். நூல்கள் வரிசையாக நிற்கும்போது வரைபடம் தானாக வந்துவிடும்.

வெள்ளியன்று பெட்டியைத் திறந்தால் இருட்டில் வளர்ந்ததுதான் உயரமாக நிற்கும். ஆனால் வெளிறி, மஞ்சளாக, தலை சாய்ந்து. என் வகுப்பில் ஒரு சிறுமி அதை விரலால் நிமிர்த்திப் பார்த்து, "டீச்சர், இது வெளிச்சத்தைத் தேடி ஓடியிருக்கிறது" என்றாள். அந்த வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதினேன். அன்றைய தமிழ்ப் பாடம் அதுதான்.

பதில் (ஈராசிரியர் பள்ளி ஆசிரியர்):
அரும்புப் பிள்ளைகள் பயறைப் பத்துப் பத்தாகக் குவிக்கட்டும், மொட்டு கூட்டட்டும், மலர் நாட்குறிப்பு எழுதட்டும். பயறு ஒன்றுதான், வேலைதான் வேறு.

கேள்வி கேட்டவர்:
நன்றி ஐயா, நன்றி அம்மா. தண்ணீர் தேங்கி அழுகிவிடாதா?

பதில் (ஓய்வுபெற்ற தலைமையாசிரியை):
கண் உள்ள பாதிக் கொட்டாங்குச்சியாக எடுத்து, அந்தக் கண்ணை ஆணியால் குத்தித் திறந்துவிடுங்கள். தண்ணீரைத் தெளித்தால் போதும், ஊற்ற வேண்டாம்.