குழுவுக்குப் போகாம குடியை நிரந்தரமா நிறுத்தி வெக்கறது எப்படி? கொழிஞ்சாம்பாறை – பொள்ளாச்சி பக்கத்து ஆளுங்க சொல்லுங்க

எல்லையோரம்:

ஆஸ்பத்திரியில படுத்து உடம்புல இருந்த விஷத்தை இறக்கியாச்சு. நிறுத்தறது முடிஞ்சுது, இனி வருஷக்கணக்கா இப்படியே இருக்கறதுதான் கேள்வி. ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட்டவங்க கூடற குழு) மாதிரி கூட்டத்துக்குப் போக மனசில்லைங்க. சின்ன ஊரு, ராத்திரி கூட்டத்துல உக்காந்தா விடியறதுக்குள்ள பால் சொசைட்டியில சேதி வந்துரும். அங்க பேசற 'மேலான சக்தி'ங்கற பேச்சும் ஒத்து வரலை. தென்னந்தோப்பு வேலை, வாரம் ஒருக்கா பொள்ளாச்சி சந்தை. இந்தக் கேரளப் பக்கம் கள்ளுக்கடை, கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டினா டாஸ்மாக். கூட்டத்துக்குப் போகாம நிக்கறவங்க என்ன ஏற்பாடு பண்ணிக்கறாங்க? மாத்திரை இருக்குங்கறாங்களே, அது எந்த அளவுக்கு உதவும்? 'மன உறுதி வேணும்'னு மட்டும் தயவுசெஞ்சு எழுதாதீங்க.

வண்டித்தாவளம்_தோப்பு:

குழு என்ன வேலை செய்யுதுன்னு முதல்ல பிரிச்சுப் பாருங்க. சாயந்தரத்தை அடைக்குது. ஆசை கெளம்பும்போது கூப்பிட ஒரு நம்பர் குடுக்குது. வழுக்கினா, அதாவது மறுபடி குடிச்சா, கண்டுபிடிக்க ஆள் வெச்சிருக்குது. இவன் குடிக்கமாட்டான்னு நாலு பேர் நம்பற இடமா இருக்குது. குழு வேண்டாம்னா இந்த ஒவ்வொரு வேலையையும் வேற யாரு, எப்போ பண்ணுவாங்கன்னு பேர் சொல்லி முடிவு பண்ணணும். அதிகமா விட்டுப்போறது கண்டுபிடிக்கற வேலை. சம்சாரம் மோந்து பாத்துக் கண்டுபிடிக்கட்டும்னு விட்டா ரெண்டே மாசத்துல வீடு போலீஸ் ஸ்டேஷன் ஆயிரும். அதை ரத்தப் பரிசோதனைக்கு விட்டுருங்க, கீழே யாராவது எழுதுவாங்க.

நம்ம எல்லையில ஒரு தனிச் சிக்கல் இருக்குதுங்க. மத்த ஊர்ல கடை மூடற நாள்னு ஒண்ணு கிடைக்கும். இங்க பீவரேஜ் (கேரள அரசு மதுக்கடை) மாசம் 1ஆம் தேதி மூடினா டாஸ்மாக் திறந்திருக்கும். காந்தி ஜெயந்தி மாதிரி ரெண்டு பக்கமும் மூடற நாள் வருஷத்துல சிலதுதான். காலை 10 மணிக்கு பீவரேஜ், மதியம் 12க்கு டாஸ்மாக், ராத்திரி 9க்கு பீவரேஜ் மூடினா டாஸ்மாக் 10 வரைக்கும். அதனால 'கடை இல்லாத நேரம்'னு எதையும் நம்பாதீங்க, வழியைத்தான் மாத்தணும். சந்தைக்குப் போனா திரும்பறப்ப தனியா வண்டியில வராதீங்க. பஸ்ஸோ, குடிக்காத ஆள் ஓட்டற டெம்போவோ பாருங்க. தேங்காய்க் காசு கையில வாங்காம வீட்டுக்காரம்மா கணக்குல விழற மாதிரி மண்டியில சொல்லி வெக்கலாம். உங்க போன்ல இருக்கற யுபிஐ கணக்குல அன்னாடச் செலவுக்கு மேல இருப்பு வேண்டாம்.

தோப்புல கள்ளுக்குக் குத்தகை விட்ட மரம் இருக்குதா? இருந்தா அதுதான் முதல் ஓட்டை. காலையும் சாயந்தரமும் கள்ளு இறக்கற நேரத்துல அந்தப் பாத்தியில நிக்காதீங்க. தோட்டக்காரருக்குன்னு ஒரு குப்பி வெச்சுட்டுப் போற பழக்கம் இருந்தா நிறுத்தச் சொல்லி, குத்தகையை முழுசாப் பணமாப் பேசிருங்க. அடுத்த வருஷம் அந்த மரங்களைக் காய்க்கே விட முடிஞ்சா இன்னும் நல்லது. நீராவும் (புளிக்காத தென்னம்பாளைச் சாறு) வேண்டாம். குளிர்ச்சி விட்டா சில மணி நேரத்துல புளிக்க ஆரம்பிச்சுரும்.

'கள்ளுதானே'ங்கற பேச்சுக்கு ஒரு கணக்கு. குவார்ட்டர் 180 மில்லி, 42.8 சதம்: சுத்தச் சாராயம் கிட்டத்தட்ட 61 கிராம். 650 மில்லி கள்ளுக் குப்பி, 6 சதம்னு வெச்சா 31 கிராம். ரெண்டு குப்பி கள்ளு ஒரு குவார்ட்டர்.

ஆசை கெளம்பினா பெரும்பாலும் 15 முதல் 30 நிமிஷத்துக்குள்ள உச்சத்துக்குப் போயி இறங்கிரும். அந்த நேரத்துல அதோட வாதம் பண்ணாதீங்க. கடிகாரம் பாத்து வயித்தை நெறைங்க, எடத்தை மாத்துங்க. நம்ம ஆளுங்க குடிக்கற நேரம் சரியா பசிக்கற நேரம். அஞ்சரைக்கே நல்லாச் சாப்பிட்டா ஆறரை மணி ஆசை பாதி செத்துரும்.

வார்டு_சிஸ்டர்:

மாத்திரை பத்திக் கேட்டிருந்தீங்க. மூணுதான் அதிகம் எழுதறாங்க. எதையும் மருந்துக் கடையில நேரா வாங்காதீங்க, மனநல மருத்துவர் பாத்து எழுதணும்.

நால்ட்ரெக்ஸோன், நாளைக்கு 50 மி.கி. குடிச்சா வர்ற 'கிக்'கை மங்க வெக்கும், ஏக்கமும் குறையும். முதல் வாரம் குமட்டல் வரலாம், அதனால சிலருக்கு 25ல ஆரம்பிப்பாங்க, சாப்பிட்ட பிறகு போடணும். முன்னாடியே கல்லீரல் பரிசோதனை பாக்கணும். முக்கியமா, ட்ரமடால் மாதிரி ஓபியாய்டு (அபின் வகை) வலி மாத்திரை எடுக்கறவங்களுக்கு ஆகாது. மரம் ஏறி விழுந்து இடுப்பு வலிக்கு ட்ரமடால் போடறவங்க நம்ம பக்கம் உண்டு, டாக்டர்கிட்ட மறைக்காதீங்க.

அகாம்ப்ரோசேட், 333 மி.கி. மாத்திரை ரெண்டு ரெண்டா மூணு வேளை. கல்லீரல் கெட்டவங்களுக்கும் குடுக்கலாம், ஆனா கிட்னி நல்லா இருக்கணும். தோப்பு வேலைக்காரருக்கு மதிய வேளை மறக்கும், அதுதான் இதுல வர்ற தோல்வி. சாப்பாட்டுப் போசியோடயே கட்டி அனுப்பச் சொல்லுங்க.

டைசல்ஃபிராம், வழக்கமா 250 மி.கி. இதைப் போட்டுட்டுக் குடிச்சா முகம் செவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் இறங்கிரும். இதய நோய் இருந்தா உயிருக்கே ஆபத்து. கடைசி மாத்திரைக்கு அப்புறமும் ரெண்டு வாரம் வரைக்கும் இது நடக்கலாம். தினமும் காலையில வீட்டுல ஒருத்தர் கண்ணு முன்னால முழுங்கினாத்தான் பலன். இன்னொண்ணு, குடிக்கறவருக்குத் தெரியாம சாப்பாட்டுல கலந்து குடுக்கறது கொலைக்குச் சமம். 'குடியை மறக்க வைக்கும் பவுடர்'னு பேர் போடாம விக்கறதுல என்ன இருக்குன்னு யாருக்கும் தெரியாது.

டைசல்ஃபிராம் போடறவங்க ஆயுர்வேத அரிஷ்டம், ஆசவம் தொடக்கூடாது. தசமூலாரிஷ்டம் மாதிரி மருந்து புளிக்க வெச்சுச் செய்யறது, தானா உண்டாகற ஆல்கஹால் அதுல இருக்கும். ஹோமியோ தாய்த் திரவம் (மதர் டிங்சர்), சில இருமல் சிரப்பும் அப்படித்தான். மாத்திரை போடாதவங்களும் தவிர்க்கறதே நல்லது. அரிஷ்டத்துல ஆரம்பிச்சுத் திரும்பப் போனவங்க கதை எல்லா வார்டுலயும் உண்டு.

எந்த மருந்தையும் மூணு மாசத்துல 'சரியாயிடுச்சு'ன்னு நிறுத்தாதீங்க. ஆறு மாசமாவது, பல பேருக்கு ஒரு வருஷம்.

நெல்லியாம்பதி_மழை:

வழுக்கினா என்ன பண்றதுன்னு யாரும் எழுதலையே. அதைத் தெளிவா இருக்கற நாள்லயே எழுதி, பர்ஸுல வெச்சுக்கோங்க: மிச்சத்தைக் குடிக்காம ஊத்திரணும், அதே ராத்திரி இன்னாருக்குப் போன், மறுநாள் காலைல டாக்டர். ஒரு தடவை விட்டதைப் 'போச்சு, எல்லாம் போச்சு'ன்னு ஆக்கறதுதான் பெரும்பாலானவங்களைக் கவுக்குது. கவனம், பல மாசம் நிறுத்தின உடம்புக்குப் பழைய அளவு தாங்காது.

நாலஞ்சு நாள் தொடர்ந்து போயிருந்தா வீட்டுலயே மறுபடி 'சட்'டுனு நிறுத்தாதீங்க. கடைசி கிளாஸுல இருந்து 6 முதல் 48 மணி நேரத்துக்குள்ள வலிப்பு வரலாம், 2 முதல் 4 நாளுக்குள்ள புத்தி தடுமாறி, இல்லாதது கண்ணுக்குத் தெரியற நிலை வரலாம். ஒவ்வொரு தடவை நிறுத்தும்போதும் முன்னை விட மோசமா வரலாம். கார்த்திகை ஒண்ணாம் தேதி மாலை போடறதுக்காகத் திடுதிப்புனு நிறுத்தி வலிப்பு வர்றது இதே கணக்குதான். மொடாக்குடிகாரர் மாலை போடறதா இருந்தா ரெண்டு வாரம் முன்னாடியே டாக்டரைப் பாக்கட்டும்.

மாலை, கோயில்ல கயிறு கட்டறது, ரெண்டையும் நான் கேவலமாச் சொல்லலைங்க. விரத நாள்ல ஊரே 'சாமி'ன்னு கூப்பிடுது, யாரும் ஊத்திக் குடுக்கறதில்லை. எல்லைப் பக்கம் அதை விட நல்ல பாதுகாப்பு இல்லை. சிக்கல், அது முடியற தேதி எல்லாருக்கும் தெரியும். மாலை கழட்டற அன்னிக்கு வீட்டுக்கு வராம நேரா கடைக்குப் போறவங்க இருக்காங்க. அந்த நாளைக்கே டாக்டர் அப்பாயின்ட்மென்ட் போட்டு வெக்கலாம்.

பரிசோதனை: மூணு மாசத்துக்கு ஒருக்கா ரத்தத்துல ஜிஜிடி (கல்லீரல் நொதி), எம்சிவி (சிவப்பணுவோட சராசரி அளவு). குடி நின்னா ஜிஜிடி நாலு முதல் எட்டு வாரத்துல இறங்கும். எம்சிவி மெதுவா, மூணு நாலு மாசம் ஆகும், சிவப்பணு ஆயுசு அவ்வளவு. கொழுப்புக் கல்லீரல், சர்க்கரை இருந்தாலும் ஜிஜிடி ஏறி நிக்கும், அதனால ஒரு ரிப்போர்ட்டை வெச்சு வீட்டுல சண்டை போடாம, வரிசையா வெச்சு டாக்டர்கிட்ட காட்டுங்க.

எல்லையோரம்:

ரொம்ப நன்றிங்க. ரெண்டு சந்தேகம். அடுத்த மாசம் மச்சான் வீட்டுல கெடா வெட்டு, போகாம இருக்க முடியாது. அப்புறம் தூக்கம் சுத்தமா இல்லை, மெடிக்கல்ல ஒரு மாத்திரை குடுக்கறேங்கறாங்க.

வார்டு_சிஸ்டர்:

தூக்க மாத்திரை கடையில வாங்கவே வேண்டாம். அல்ப்ராசோலம் மாதிரி மாத்திரை குடியோட இடத்தைப் பிடிச்சுக்கும், மேல குடிச்சா மூச்சை அமுக்கிரும். நிறுத்தின பிறகு தூக்கம் பல மாசம் கலைஞ்சே இருக்கும், அது உடம்பு பழுது பாத்துக்கற காலம். மதியம் ரெண்டுக்கு மேல டீ, காபி வேண்டாம். எப்போ படுத்தாலும் எழுந்திரிக்கற நேரம் ஒண்ணாவே இருக்கட்டும். பகல் தூக்கம் அரை மணிக்கு மேல போகாதீங்க. ஹான்ஸ், கூல் லிப் மாதிரி வாயில வெக்கற புகையிலைக்குத் தாவினாலும் நிக்கோட்டின் தூக்கத்தைக் கெடுக்கும். ஒரு மாசத்துல தேறலைன்னா டாக்டர்கிட்டச் சொல்லுங்க, பழக்கமாகாத மருந்து இருக்குது. ராத்திரி பேச ஆள் இல்லைன்னா டெலி மானஸ் (அரசு மனநல உதவி எண்) 14416, தமிழ்லயே பேசலாம், 24 மணி நேரமும். கேரளப் பக்கம் எக்சைஸ் துறையோட விமுக்தி போதை மீட்பு மையங்களும் இருக்குது.

வண்டித்தாவளம்_தோப்பு:

கெடா வெட்டுக்குப் பூஜை நேரத்துக்குப் போங்க, முதல் பந்தியில சாப்பிட்டு எந்திரிங்க. ஊத்தறது தோப்புக்குள்ள ரெண்டாவது பந்திக்கு முன்னாடி ஆரம்பிக்கும், அதுக்குள்ள பஸ்ஸுல இருக்கணும். 'கல்லீரலுக்கு மாத்திரை ஓடுது, தொட்டா ஆஸ்பத்திரிதான்'னு ஒரே பதில், யாரு கேட்டாலும் அதே வார்த்தை. விளக்கம் சொல்ல ஆரம்பிச்சா மாப்பிள்ளை முறைக்காரங்க பேரம் பேச ஆரம்பிச்சுருவாங்க. கையில எப்பவும் ஒரு டம்ளர் மோர் இருக்கட்டும், காலிக் கையைத்தான் தேடி வருவாங்க. மச்சான்கிட்ட மட்டும் முன்கூட்டியே போன்ல சொல்லிருங்க.